காந்தம் போட்ட கோடு

"ரிஜெக்ட்!" என்றார் மாமனார்.

காலையில் எழுந்து, முகம் கழுவி, மீன் தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், தேநீரில் ஒரு வாய் குடிப்பதற்கு முன்பே அவர் சொல்லும் முதல் வார்த்தை கொஞ்ச காலமாக இதுவாகத்தான் இருந்தது. மருமகள் தையல் மிஷினின் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"இன்னிக்கு என்ன மாமா?"

"மங்கல். தண்ணி மங்கல், கண்ணாடி மங்கல். மேனேஜரைப் பாரு, புகைக்குள்ள நீந்துற மாதிரி இருக்காரு."

மேனேஜர் என்பது மீன். தொந்தியும் தொங்கிய கன்னமுமாக, எந்நேரமும் வாயைத் திறந்து திறந்து மூடி யாரையோ திட்டிக்கொண்டிருக்கும் பொன்மீன். மாமனார் வேலை பார்த்த மருந்துத் தொழிற்சாலையின் மேனேஜர் அச்சு அசல் இப்படித்தான் இருப்பாராம். அவரிடம் திருப்பிச் சொல்ல முடியாததையெல்லாம் இந்த மேனேஜரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் வாங்கியதாகச் சொல்வார்.

அந்தத் தொழிற்சாலையில் அவருக்குக் குப்பி பார்க்கிற வேலை. ஒரு விளக்கு, அதன் பின்னால் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு பலகை, முன்னால் வரிசை வரிசையாக வந்துகொண்டே இருக்கும் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்க்க வேண்டும். மயிரிழைக் கீறல், ஒரு தூசி, ஒரு குமிழி இருந்தாலும் 'ரிஜெக்ட்' என்று தனியே எடுத்து வைக்க வேண்டும். அவர் கண்ணுக்குத் தப்பிய குப்பி கிடையாது என்று அங்கே பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த வார்த்தை மட்டும் ஓய்வு பெறவில்லை. ஹோட்டலில் தண்ணீர் வைத்தால் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். பரிமாறுகிறவர் முகம் சுருங்கிப் போகும். மகன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் காலர் கோணல் என்பார். அளந்து பார்த்தால் கோணலாகத்தான் இருக்கும். அதுதான் எரிச்சல்.

ஆனால் மருமகளுக்கு அவர் மேல் எரிச்சல் வந்ததே இல்லை. வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையல் கடை. தொட்டியும் அங்கேதான், மாமனாரின் நாற்காலியும் அங்கேதான். அவள் தைத்துப் போடுவதற்கெல்லாம் பட்டனும் கொக்கியும் வைப்பது அவர் வேலை. துணி வாங்க வந்து காத்திருப்பவர்களோடு வாயடிப்பதும் அவர்தான். அவர் இருந்தால் கடை களைகட்டும். சில மாதங்களுக்கு முன்பு, திடீரென்று ஒருநாள், "பட்டன் தைக்கிறதெல்லாம் அலுத்துப் போச்சும்மா" என்று ஊசியைக் கீழே வைத்துவிட்டார். மருமகளுக்கு மனசு சங்கடப்பட்டது. ஏதாவது ஏறுக்கு மாறாகப் பேசிவிட்டோமோ என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. அதன் பிறகுதான் இந்த மங்கல் புராணம் தொடங்கியது.

"நேத்துதானே மாமா கழுவினேன்!"

"அதான் சொல்றேன். உனக்கும் ஆயிரம் வேலை. தொட்டியைப் பார்த்துக்க முடியலைன்னா சொல்லிடு. நானும் மேனேஜரும் என் பொண்ணு வீட்டுக்குப் போயிடறோம்."

முதல் தடவை இதைக் கேட்டபோது அவள் சிரித்தாள். இரண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை. இந்தத் தடவை அவர் மகளிடம் தொலைபேசியிலும் பேசி முடித்திருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை மகள் வண்டியோடு வருகிறாள்.  தைத்த தையலில் ஒரு நூல் பிசிறு இருந்தால்கூட ராத்திரி தூக்கம் வராத பெண் மருமகள். அழுக்குத் தொட்டி வைத்திருக்கிறாள் என்று சொல்லி ஒரு மனிதர் வீட்டை விட்டே போகிறார் என்றால், அதுவும் இந்த மனிதர் என்றால், யார் தாங்குவது?

அவள் கழுவும் முறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு வாளி, மூன்று முழ நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு ரப்பர் குழாய். குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் கூழாங்கல் மேல் வைத்து, மறுமுனை வழியாகத் தண்ணீரை வாளிக்கு இறக்கினால், அடியில் கிடக்கும் அழுக்கெல்லாம் சேர்ந்து வந்துவிடும். தண்ணீர் முழுவதையும் மாற்றக் கூடாது, மீனுக்கு ஆகாது. ஒரு பங்கை எடுத்துவிட்டு, முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீரை ஊற்ற வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய பச்சைப் பாசிக்கு, கவுன் தைத்து மிஞ்சிய நெட் துணி. நாலு தேய்ப்பில் பளிச்சென்று ஆகிவிடும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

இதற்கு மேல் என்னவெல்லாம் வேண்டும் என்று அவள் கணவனைக் கேட்க வேண்டும். அவன் லிஃப்ட் மெக்கானிக். கருவி என்று எழுதிய கடையைக் கண்டால் அவன் கால் தானாகத் திரும்பிவிடும். அப்பா முதன்முதலில் 'மங்கல்' என்று சொன்ன மறுநாளே பேட்டரியில் ஓடும் அழுக்கு உறிஞ்சி ஒன்றோடு வந்து நின்றான்.

"இனிமே குழாய், வாளி எல்லாம் வேண்டாம். பட்டனை அமுக்கினா போதும், தானே இழுத்துக்கும்."

பட்டனை அமுக்கினான். அது தானே இழுத்தது. அழுக்கோடு ஒரு கூழாங்கல்லையும் இழுத்து, தொண்டையில் சிக்க வைத்துக்கொண்டு, ஈனஸ்வரத்தில் முனகி அடங்கியது. மேனேஜர் செடிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.  மருமகள் வாளியை எடுத்து வந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

அடுத்தது நீளக் கைப்பிடி வைத்த சுரண்டி. அது நல்லதுதான் என்று அவளே ஒப்புக்கொண்டாள், கை நனையாது. ஆனால் மாமனார் கண்ணாடியைப் பார்த்து மறுபடியும் "மங்கல்" என்றார். அதற்கடுத்து வந்ததுதான் காந்தம். இரண்டு துண்டு. ஒன்று தொட்டிக்கு உள்ளே, ஒன்று வெளியே; கண்ணாடிக்கு இருபுறமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். வெளித்துண்டை நகர்த்தினால் உள்துண்டு கூடவே போய்ப் பாசியைத் துடைத்துக்கொண்டு வரும். வெளித்துண்டை எடுத்துவிட்டால் உள்துண்டு தக்கையாக மேலே வந்து மிதக்கும்.

"எப்படி?" என்றான் கணவன், ஏதோ தானே கண்டுபிடித்தது போல.

"என் நெட் துணி செய்யாததை இது என்ன செஞ்சிடுச்சு? வெட்டிச் செலவு. இதைக் கையால தொடக்கூட மாட்டேன், பாருங்க."

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஏனென்றால் அடுத்த வாரமே அவள் அதைத் தொட்டாள்.

தடித்த கால்சட்டை ஒன்றின் மடிப்பைத் தைக்கும்போது மிஷின் ஊசி படக்கென்று உடைந்தது. உடைந்த நுனியைக் கண்டுபிடிக்காமல் துணியை மடிக்கக் கூடாது. போட்டுக்கொள்கிறவர் காலில் ஏறிவிடும். தரையைக் கையால் தடவிக்கொண்டிருந்தவளின் பார்வை தொட்டிப் பக்கம் போனது. கணவன் வேலைக்குப் போயிருந்தான். மாமனார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வெளித்துண்டை மெல்லப் பிய்த்தெடுத்து, கீழே ஒரு வீச்சு வீசினாள். நுனி மட்டுமா வந்தது? எப்போதோ சிந்திய குண்டூசிகள், கொக்கி, இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த நல்ல ஊசி, எல்லாம் ஓடி வந்து ஒட்டிக்கொண்டன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து கடை மூடும் நேரத்தில், காதும் காதும் வைத்தாற்போல, காந்தம் ஒரு சுற்று வருவதும், துடைத்துத் திரும்பவும் தொட்டியில் ஒட்டிக்கொள்வதும் வாடிக்கையாயிற்று. கணவனிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. வெட்டிச் செலவு என்று சொன்ன வாயாயிற்றே, எப்படித் திறக்கும்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாத்தனாரும் வந்தாள். ரொட்டிக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள். வீட்டுக்குள் நுழையும்போதே பாதிப் பேச்சு முடிந்திருக்கும்.

"அண்ணி, நான் கூட்டிட்டுப் போக வரல, சொல்லிட்டேன். அப்பா கூப்பிட்டாரு, வந்தேன். அவ்வளவு அழுக்கா என்ன தொட்டி? நல்லாத்தானே இருக்கு!"

"நீயே சொல்லும்மா!" என்றாள் மருமகள்.  காலையில் அவசரமாக ஒரு சட்டை தைக்கும்போது மறுபடி ஊசி உடைந்து, காந்தத்தால் தேடிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டிருந்தது. துண்டைத் துடைக்காமலே அவசர அவசரமாகத் தொட்டியில் ஒட்டிவிட்டு ஓடியிருந்தாள். இருந்த கவலையில் அது அவளுக்கு மறந்தே போயிற்று.

மாமனார் குளியலறையில் இருந்தார். தண்ணீர் சளசளவென்று விழும் சத்தம் கேட்டது.

"அழுக்கா? இப்ப பாரு," என்று கணவன் தொட்டிப் பக்கம் போனான். தங்கையிடம் கருவியைக் காட்டாமல் அவனால் இருக்க முடியாது. "இதுக்கு மேல ஒரு தொட்டியைச் சுத்தம் பண்ணவே முடியாது. எப்படி வழுக்கிட்டுப் போகுது பாரேன்."

வெளித்துண்டைப் பிடித்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, அலை மாதிரி வளைத்து ஒரே இழுப்பாக இழுத்தான்.

க்ரீச்!

பல்லெல்லாம் கூசியது. கண்ணாடியின் முன்பக்கம் முழுவதும் ஒரு வெள்ளைக் கோடு மேலும் கீழுமாக வளைந்து ஓடியது. கணவன் துண்டைத் திருப்பிப் பார்த்தான். அடியில் ஒட்டியிருந்த கம்பளித் துணிக்குள் குத்தி நின்றது உடைந்த ஊசியின் நுனி. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"தொடக்கூட மாட்டேன்னு சொன்னே?"

"ஊசி பொறுக்க... கொஞ்சம் வசதியா இருந்துச்சுங்க," என்றாள், கேட்டும் கேட்காத குரலில்.

"அப்ப வாங்கினது வீண் போகலை!" என்று அவன் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அடுத்த நொடியே கோட்டைப் பார்த்துத் தொங்கிப் போனது. "செத்தோம். அப்பா பார்த்தா?"

மயிரிழைக் கீறலுக்குக் குப்பியைத் தூக்கிப் போட்ட மனிதர். இதுவோ ஒரு கை நீளத்துக்கும் அதிகம். வாசல் வழியாக வந்த வெயிலில் அது மின்னிக்கொண்டு வேறு நின்றது. இனி அவரை யாரும் தடுக்க முடியாது என்று மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. தன் கையாலேயே அவரை வழியனுப்பி வைத்துவிட்டோமே என்று அவள் முந்தானையைக் கசக்கினாள். நாத்தனார் கைப்பையைத் தூக்கித் தொட்டிமேல் சாய்த்து மறைக்கப் பார்த்தாள். அது சரிந்து விழுந்தது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. துண்டால் தலையைத் துவட்டியபடி மாமனார் வந்தார். மகளைப் பார்த்து, "வந்துட்டியா?" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கம்போலத் தலையைச் சற்றுச் சாய்த்துத் தொட்டியைப் பார்த்தார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"மங்கல்," என்றார். "ரிஜெக்ட்."

 மருமகள்தான் மெல்லக் கேட்டாள்.

"மங்கல் மட்டுந்தானா மாமா?"

"ஏன், அது போதாதா?"

"வேற ஒண்ணும் இல்லையா? நல்லாப் பாருங்க."

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். கோடு அவர் கண்ணுக்கு நேர் எதிரே ஓடிக்கொண்டிருந்தது.

"வேற என்ன இருக்கு? கண்ணாடிதான் இருக்கு."

கணவன் வாயைத் திறந்தான். நாத்தனார் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். மருமகளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. கீழே வைத்த ஊசி, அலுத்துப் போன பட்டன், கொஞ்ச நாளாக ஹோட்டலில் தம்ளரைத் தூக்கிப் பார்க்காதது, நேற்று அவளைத் தாண்டிப் போய் வாடிக்கையாளரிடம் "அம்மாடி, தேநீர் இருக்கா?" என்று கேட்டது. இத்தனை நாளும் மூன்று கருவி வாங்கித் தேய்தேய் என்று தேய்த்தார்களே, மங்கல் தொட்டியிலா இருந்தது?

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவருடைய வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலின் நகத்தைக் கோட்டின் மேல் வைத்தாள். கூடவே தானும் பிடித்து நகர்த்தினாள். நகம் பள்ளத்தில் இறங்கி, ஏறி, வளைந்து போயிற்று. பாதித் தூரம் போனதும் அவர் கை தானாக நின்றது.

"இவ்வளவு பெரிய கீறலா?" என்றார்.

"ஆமா மாமா."

 மேனேஜர் உள்ளேயிருந்து வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"தொட்டிதான் மங்கல்னு நினைச்சேன்மா," என்றார் கடைசியில். "நினைச்சேன்னு என்ன... அப்படி நினைச்சுக்கிட்டேன். பட்டன்ல ஓட்டை எங்க இருக்குன்னே தெரியல. அலுத்துப் போச்சுன்னு உன்கிட்ட சொல்லிட்டேன். கண்ணை வெச்சுச் சோறு தின்னவன்மா நான். அதுவே போச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"அதுக்குப் பொண்ணு வீட்டுக்குப் போனா சரியாயிடுமாப்பா?" என்று நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்.

"இங்க நாலு பேர் வந்து போற இடம். கத்தரிக்கோல், ஊசி, இஸ்திரிப் பெட்டி. நான் எதையாவது தட்டிவிட்டு, யாருக்காவது ஒண்ணு ஆயிட்டா? இவ பிழைப்புக்கு நான் இடைஞ்சலாகணுமா?"

மருமகளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அழுதுகொண்டே கத்தினாள்.

"நீங்க இடைஞ்சல்னு யாரு சொன்னா? நீங்க இல்லாத கடையில எவ வந்து உக்காருவா? என் மூஞ்சியைப் பார்க்கவா வர்றாங்க? தொட்டியை நான் சரியாக் கழுவலைன்னு எத்தனை நாள் தூங்காம கெடந்தேன் தெரியுமா? கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன மாமா?"

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். அவரை யாரும் இப்படித் திட்டியதில்லை. தொழிற்சாலை மேனேஜர்கூட இப்படித் திட்டியதில்லை.

கண் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, முற்றிய புரை என்றார். பயப்பட ஒன்றுமில்லை, எடுத்துவிட்டு உள்ளே ஒரு வில்லை வைத்தால் போதும், முதலில் ஒரு கண், ஆறியதும் மற்றது என்றார். "இதை வெச்சுக்கிட்டு எப்படி நடமாடினீங்க?" என்று ஆச்சரியப்பட்டவரிடம், "எல்லாம் ஒரு குத்துமதிப்புதான் டாக்டர்," என்றார் மாமனார். பயத்தை மறைக்கச் சிரித்தார் என்று மருமகளுக்குத் தெரியும். அறுவை அறைக்குள் போகும்வரை அவள் கையை விடவே இல்லை.

இதற்கிடையில் வீட்டில் கணவன் கோட்டை மறைக்க ஒற்றைக் காலில் நின்றான். பவளப் பாறை போட்ட ஸ்டிக்கர் ஒன்று கடையில் இருக்கிறதாம். கீறலை மெருகேற்றும் கருவிகூட இருக்கிறதாம்.

"வேண்டாங்க," என்றாள் அவள். "அப்படியே இருக்கட்டும். அவரு வந்து பார்க்கட்டும்."

"பார்த்தாத் திட்டுவாரு."

"அந்தத் திட்டுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, மாமனார் வீட்டுக்கு வந்தார். நாத்தனார் ஒரு கையைப் பிடித்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியதும் அந்தக் கையை விடுவித்துக்கொண்டு நேராகத் தொட்டிக்குப் போனார். நாற்காலியில் உட்காரவில்லை. வெட்டு மேசையிலிருந்து ஒரு கறுப்புத் துண்டுத் துணியை எடுத்துத் தொட்டிக்குப் பின்னால் தொங்கவிட்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். தலையைச் சாய்த்தார். இந்த முறை நகம் வைக்கவில்லை. கண் மட்டும் இந்த மூலையிலிருந்து மெல்லப் புறப்பட்டு, மேலேறி, கீழிறங்கி, அந்த மூலைவரை போனது.

"இந்த எடத்துல கை நடுங்கியிருக்கு," என்றார் மகனிடம். "இங்க பிசிறு. கோடு போடறதுதான் போட்டே, ஒழுங்காப் போடக் கூடாதா?"

பிறகு நிமிர்ந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"ரிஜெக்ட்!"

நாத்தனார் கைதட்டினாள். கணவன் லாட்டரி விழுந்தவன் போலக் குதித்தான். மருமகள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் பளிங்காக இருந்தது. மேனேஜரின் ஒவ்வொரு செதிலும் தெரிகிறது என்று மாமனார் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். "ஏன்மா, தொட்டி இவ்வளவு சுத்தமாவா இருந்துச்சு இத்தனை நாளும்?" என்று கேட்டார்.  அவளுக்கு அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது.

கணவன் நேரம் பார்த்து வாயைத் திறந்தான். "இப்பவாவது சொல்லு. அந்தக் காந்தம் வாங்கினது நல்லதா, கெட்டதா?"

"உறிஞ்சி பரண்ல இருக்கட்டும். தொட்டிக்கு என் வாளியும் குழாயும் போதும்," என்றாள். "காந்தத்தைத் தையல் டிராயர்ல வெச்சுட்டேன். ஊசி பொறுக்க அதை விட்டா ஆளே இல்லை. போதுமா?"

வெற்றியில் அவன் அக்கம்பக்கம் பார்த்தான். ஆனால் மாமனார் அவனைக் கவனிக்கவில்லை. மிஷினுக்கு அடியில், மிதிக்கும் சுவருக்கும் நடுவில், காந்தம் எட்டாத இடுக்கில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் குனிந்தார். எழுந்தபோது அவர் விரல்களுக்கு நடுவே ஒரு சின்னஞ்சிறு குண்டூசி இருந்தது. அதை மருமகளின் உள்ளங்கையில் வைத்தார்.

"அது எதுக்கும்மா? நான் இருக்கேன்ல."

சொல்லிவிட்டு நாற்காலியைத் தொட்டிப் பக்கமிருந்து மிஷின் பக்கமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, பட்டன் டப்பாவுக்காகக் கையை நீட்டினார்.